மெனு தெரிகிறது, படம் ஓடவில்லை: எச்டிஎம்ஐ இணைப்பில் எச்டிசிபி கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

டிவியில் படம் வராமல் போனால் முதலில் கேபிளை மாற்றுகிறோம். தீரவில்லை என்றால் ரிசீவரை, அதாவது பெட்டிக்கும் டிவிக்கும் நடுவில் இருந்து ஸ்பீக்கர்களுக்கு ஒலி கொடுக்கும் கருவியை, சந்தேகப்படுகிறோம், அப்புறம் டிவியை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரிசீவரை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்கிய பலரை எனக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேருக்குக் கேபிளை டிவியின் வேறொரு போர்ட்டில் செருகியிருந்தாலே போதும். இதே கோளாறைத் தெரிந்தவர்கள் வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்துப் பார்த்து, எதை முதலில் சோதிக்க வேண்டும் என்று ஒரு வரிசை எனக்குப் பிடிபட்டிருக்கிறது. காசு செலவாகாத வழிகள் முதலில், செலவு வைப்பவை கடைசியில்.

உங்கள் வீட்டு அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

## எல்லோருக்கும் முதல் சோதனை: எது தெரிகிறது, எது தெரியவில்லை?

பிளேயரின் அல்லது ஸ்ட்ரீமிங் பெட்டியின் முகப்புத் திரை தெரிகிறதா? உங்கள் போனில் நீங்களே எடுத்த வீடியோவை பென்டிரைவில் போட்டு அதே பெட்டியில் ஓட்டினால் ஓடுகிறதா?

சொந்த வீடியோ ஓடுகிறது, சந்தா கட்டிய தளத்தின் படமோ வாங்கிய டிஸ்க்கோ மட்டும் ஓடவில்லை என்றால், கேபிளில் சிக்னல் ஒழுங்காகப் போகிறது. தகராறு நகல் தடுப்பில், அதாவது எச்டிசிபியில் இருக்கிறது. 1-ஆம் அறிகுறிக்குப் போங்கள்.

எதுவுமே தெரியவில்லை, அல்லது எல்லாமே சிதறித் தெரிகிறது என்றால் கேபிள், போர்ட், ரெசல்யூஷன் பக்கம் பாருங்கள். அது 2, 3-ஆம் அறிகுறிகள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. சில செட்டாப் பாக்ஸ்களும் டிஸ்க் பிளேயர்களும் முகப்புத் திரையைக்கூட எச்டிசிபியால் பூட்டித்தான் அனுப்பும். அப்படிப்பட்ட பெட்டியில் இந்தச் சோதனை தவறான பதிலைச் சொல்லிவிடும். அதே கேபிளை ஒரு விண்டோஸ் லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். டெஸ்க்டாப் திரை பெரும்பாலும் பூட்டில்லாமல்தான் வெளியே போகும். லேப்டாப் திரை தெரிந்து பெட்டியின் திரை தெரியவில்லை என்றால் அதுவும் எச்டிசிபி கணக்கில்தான் சேரும்.

எச்டிசிபி பற்றி இந்த வேலைக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். படம் அனுப்பும் பெட்டி, வழியில் இருக்கும் ஒவ்வொரு கருவியிடமும் சாவி கேட்கும். ஒன்று சரியாகப் பதில் சொல்லாவிட்டாலும் படத்தை நிறுத்திவிடும், அல்லது தரத்தைக் குறைத்துவிடும். ஃபுல் எச்டி படத்துக்கு 1.4 பதிப்பு போதும். 4கே படங்கள் பெரும்பாலும் 2013-இல் வந்த 2.2 பதிப்பைக் கேட்கும். 2018-இல் வந்த 2.3, 2.2-உடன் ஒத்துப்போகும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

## அறிகுறி 1: மெனு தெரிகிறது, படத்தைப் போட்டால் கறுப்புத் திரை, ஊதாத் திரை அல்லது எச்டிசிபி பிழைச் செய்தி

### நேற்று வரை ஓடியது, எதையும் மாற்றவில்லை

சாவி பரிமாற்றம் பாதியில் சிக்கிக்கொண்டிருக்கும். ரிமோட்டில் அணைப்பது இதற்குப் போதாது, ஏனென்றால் கருவிகள் ஸ்டாண்ட்பையில் பழைய நிலையை அப்படியே வைத்திருக்கும். டிவி, ரிசீவர் அல்லது சவுண்ட்பார், பெட்டி எல்லாவற்றின் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றிவிட்டு ஓரிரு நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் எச்டிஎம்ஐ கேபிள்களை இரண்டு முனையிலும் உருவித் திரும்பச் செருகுங்கள்.

பிறகு டிவியை முதலில் போடுங்கள். அது முழுதாக விழித்துச் சரியான இன்புட்டுக்கு வந்ததும் ரிசீவர். கடைசியில் படம் அனுப்பும் பெட்டி. பெட்டி விழிக்கும்போது எதிரில் கேட்க ஆள் தயாராக இருக்க வேண்டும், அதற்குத்தான் இந்த வரிசை.

இதில் சரியாகி, சில நாளில் மறுபடியும் அதே தொல்லை வந்தால், பெட்டியிலும் டிவியிலும் ‘குயிக் ஸ்டார்ட்’ போன்ற வேகத் தொடக்க வசதியை அணைத்துவிடுங்கள். மூன்று கருவிகளுக்கும் சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கிறதா என்றும் பாருங்கள். டிவிக்கு அப்டேட் போடுகிறவர்கள்கூட ரிசீவரை மறந்துவிடுகிறார்கள். எச்டிசிபி தொல்லைக்கு ரிசீவர் அப்டேட்டில்தான் பல தடவை தீர்வு வந்திருக்கிறது.

### கேம் கன்சோலில் மட்டும் படங்கள் ஓடவில்லை, கேம் ஓடுகிறது

பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் செட்டிங்கில் எச்டிசிபியை அணைக்கும் வசதி உண்டு. கேமை ரெக்கார்ட் செய்வதற்காக வீட்டில் யாராவது அணைத்திருப்பார்கள். அது அணைந்திருக்கும்வரை வீடியோ ஆப்களும் டிஸ்க் படமும் ஓடாது. பிளேஸ்டேஷன் 5-இல் சிஸ்டம் என்பதற்குள் எச்டிஎம்ஐ பக்கத்தில் இருக்கிறது. திரும்ப ஆன் செய்தால் முடிந்தது.

### புதிதாக ஒரு கருவி சேர்த்த பிறகுதான் வந்தது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் இருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பெட்டியை டிவியில் நேராகச் செருகிப் பாருங்கள். நேராகச் செருகினால் ஓடுகிறதென்றால் பெட்டியும் டிவியும் நிரபராதிகள். பிறகு ஒவ்வொரு கருவியாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டே போங்கள். எதைச் சேர்த்ததும் படம் நிற்கிறதோ அதுதான் காரணம்.

அதிகம் மாட்டுபவை மலிவான ஸ்பிளிட்டர்களும் (ஒரு படத்தைப் பல திரைக்குப் பிரிப்பவை) ஸ்விட்ச்களும் (பல பெட்டிகளை ஒரே போர்ட்டில் சேர்ப்பவை). அவை வரும் அட்டைப்பெட்டியின் மேல் ‘4கே’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கும், எச்டிசிபி 2.2 பற்றி ஒரு வார்த்தை இருக்காது. வாங்கும்போது இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிளிட்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு முனையில் 4கே டிவி, மறுமுனையில் பழைய புரொஜெக்டர் என்றால், புரொஜெக்டர் அணைந்திருந்தாலும் கேபிள் செருகியிருப்பதாலேயே இரண்டு பக்கமும் படம் தடைபடலாம். அந்தப் பழைய முனையை உருவிவிட்டுச் சோதியுங்கள். எச்டிசிபி 2.2-இல் சங்கிலி நான்கு அடுக்குக்கு மேல் நீளக்கூடாது என்ற வரம்பும் இருக்கிறது. ஸ்விட்ச்சுக்குப் பின் ஸ்விட்ச், அதற்குப் பின் ஸ்பிளிட்டர், அதற்குப் பின் ரிசீவர் என்று கட்டியிருந்தால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

### நேராகச் செருகியும் ஓடவில்லை

டிவியின் எல்லா எச்டிஎம்ஐ போர்ட்களிலும் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். 4கே டிவிகள் வரத் தொடங்கிய காலத்தில் எல்லாப் போர்ட்டும் ஒரே மாதிரி இருக்காது. சிலவற்றில் ஒரே ஒரு போர்ட் மட்டுமே எச்டிசிபி 2.2 ஏற்கும். 2013, 2014 வாக்கில் வந்த சில 4கே டிவிகளில் ஒரு போர்ட்டிலும் கிடையாது. போர்ட்டின் பக்கத்தில் சிறிய எழுத்தில் எச்டிசிபி 2.2 என்று அச்சிட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்; இல்லாவிட்டால் கையேட்டில் இருக்கும்.

எந்தப் போர்ட்டிலும் 2.2 இல்லை என்றால், வருத்தமான செய்திதான்: கேபிள் மாற்றினாலும் தீராது, அப்டேட்டிலும் பெரும்பாலும் தீராது. அது சிப்பில் இருக்க வேண்டிய விஷயம். பெட்டியின் வீடியோ அவுட்புட்டை 1080பி என்று நிலையாக வைத்துப் பாருங்கள். ஸ்ட்ரீமிங் தளங்கள் பெரும்பாலும் ஃபுல் எச்டியில் ஓடிவிடும். பல 4கே டிஸ்க் பிளேயர்களும் தாமாகவே 1080பி-க்கு இறங்கி அனுப்பும். சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் தூரத்தில், சின்னத் திரையில் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. இதற்காக மட்டும் டிவியை மாற்ற வேண்டாம் என்பேன்.

### டிவி புதிது, ரிசீவர்தான் பழையது

நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். நல்ல ஒலி தரும் ரிசீவரைத் தூக்கிப்போட மனம் வராது, போடவும் தேவையில்லை. சில 4கே டிஸ்க் பிளேயர்களில் இரண்டு எச்டிஎம்ஐ அவுட்புட் இருக்கும். ஒன்றை டிவிக்கும், ஆடியோ என்று குறித்ததைப் பழைய ரிசீவருக்கும் கொடுத்தால் 4கே படமும் டிஸ்க்கின் முழு ஒலியும் கிடைத்துவிடும். செலவு இன்னொரு கேபிள் மட்டும்தான்.

உங்கள் பெட்டியில் ஒரே அவுட்புட்தான் என்றால் அதை டிவியில் செருகி, ஒலியை டிவியிலிருந்து ஏஆர்சி (எச்டிஎம்ஐ கேபிளிலேயே டிவியின் ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாகவோ ஆப்டிகல் கேபிள் வழியாகவோ ரிசீவருக்குத் திருப்புங்கள். இதில் ஒரு இழப்பு உண்டு. டால்பி ட்ரூஎச்டி போன்ற தரம் இழக்காத ஒலி ஏஆர்சியில் போகாது, அதற்கு இரண்டு பக்கமும் அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும். ஆனால் ஸ்ட்ரீமிங் தளங்கள் தரும் அட்மாஸ் என்ற சுற்றுப்புற ஒலி டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில்தான் வருகிறது. டிவி அதை அப்படியே கடத்திவிடும் வகை என்றால் சாதாரண ஏஆர்சியே போதும். ஆப்டிகலில் மட்டும் அது போகாது, பழைய டால்பி டிஜிட்டலாகத்தான் இறங்கும். டிஸ்க் பார்க்காமல் ஸ்ட்ரீமிங் மட்டும் பார்க்கும் வீட்டில், இதற்காக ரிசீவர் மாற்றுவது தேவையற்ற செலவு.

எச்டிசிபியையே கழற்றிவிடும் பெட்டி என்று விற்கப்படுபவை உண்டு. நகல் பூட்டை மீறுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். மேலே சொன்ன இரண்டு வழியில் ஒன்று ஏறக்குறைய எல்லா வீட்டிலும் வேலை செய்யும்போது அந்தப் பக்கம் போகக் காரணமே இல்லை.

## அறிகுறி 2: படம் வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது

எப்போது போகிறது என்று முதலில் கவனியுங்கள்.

### படம் தொடங்கும்போதும் முடியும்போதும் மட்டும்

இது கோளாறே இல்லை. மெனு வினாடிக்கு 60 ஃப்ரேமில் இருக்கும், படம் 24 ஃப்ரேமில் இருக்கும். சாதாரண திரையிலிருந்து, வெளிச்சமும் நிறமும் கூடுதலாகக் காட்டும் எச்டிஆருக்கும் மாற வேண்டும். அந்த மாற்றத்தில் சாவிப் பரிமாற்றமும் புதிதாக நடப்பதால் ஓரிரு வினாடி திரை கறுக்கும். பொறுக்க முடியவில்லை என்றால் பெட்டியில் ஃப்ரேம் ரேட் பொருத்தும் வசதியை அணைத்துக்கொள்ளலாம். ஆனால் கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் லேசாகத் திக்கித் திக்கிப் போகும். நானாக இருந்தால் அணைக்க மாட்டேன்.

### தாளம் போட்டது போல ஒரே இடைவெளியில்

பழைய 1.4 எச்டிசிபியில், பூட்டு சரியாக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் 128 ஃப்ரேமுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வினாடிக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் அது தோற்றுப்போய் மறுபடி இணைந்தால் படம் வந்து வந்து போகும். 1-ஆம் அறிகுறியில் சொன்ன பிளக் கழற்றும் வேலையையும் நேராகச் செருகும் சோதனையையும் செய்யுங்கள்.

### எப்போது என்று சொல்ல முடியாதபடி

கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். உறுதிப்படுத்திக்கொள்ள எளிய வழி, பெட்டியின் அவுட்புட்டை 4கே-இலிருந்து 1080பி-க்கு இறக்கி ஒரு மணி நேரம் ஓட விடுவது. ஒரு தடவையும் போகவில்லை என்றால் கேபிளால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியவில்லை என்று பொருள். அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

சுழலும் நாற்காலியிலிருந்து யாராவது எழும்போது திரை ஒரு கணம் போகிறது என்று சொன்னால் சிரிக்காதீர்கள். நாற்காலியின் கேஸ் சிலிண்டரில் உருவாகும் மின் அதிர்வு, காப்பு சரியில்லாத கேபிளில் ஏறி அப்படிச் செய்வது உண்மைதான். நல்ல காப்புள்ள கேபிள் மாற்றினால் நின்றுவிடும்.

## அறிகுறி 3: வெள்ளைப் புள்ளிகள், மின்னல் கோடுகள், முழுத் திரையும் வண்ண இரைச்சல்

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். படம் தெரிகிறது, நடுநடுவே புள்ளி மினுங்குகிறது என்றால் கேபிள். படமே தெரியாமல் திரை முழுக்க வண்ணக் குப்பையாக இருந்தால் பூட்டுத் திறக்கும் சாவி பொருந்தவில்லை; டிவியில் வேறு இன்புட்டுக்குப் போய்த் திரும்பி வந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேபிளுக்கு வருவோம். 4கே, 60 ஃப்ரேம், எச்டிஆர் ஓட வினாடிக்கு 18 ஜிகாபிட் தாங்க வேண்டும். அதற்கு ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ என்ற சான்று லேபிள் போதும். 120 ஃப்ரேம் கேம் ஆடுபவர்களுக்கு வினாடிக்கு 48 ஜிகாபிட் தாங்கும் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ வேண்டும். இரண்டிலும் அட்டைப்பெட்டியின் மேல் ஸ்கேன் செய்து சரிபார்க்கக்கூடிய லேபிள் ஒட்டியிருக்கும். அது இல்லாமல் ‘2.1 கேபிள்’ என்று மட்டும் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். தங்க முலாம் பூசிய முனைக்குக் கூடுதல் விலை கொடுக்கவும் வேண்டாம்.

சாதாரண செம்புக் கேபிள் 18 ஜிகாபிட்டில் 5 மீட்டருக்கு மேல் போனாலே தள்ளாட ஆரம்பிக்கும். கூரையில் தொங்கும் புரொஜெக்டருக்கு 10, 15 மீட்டர் இழுப்பவர்கள் ஆப்டிகல் இழை உள்ள எச்டிஎம்ஐ கேபிளுக்குப் போய்விடுவது நல்லது. அதில் திசை உண்டு. ஒரு முனையில் சோர்ஸ், மறுமுனையில் டிஸ்ப்ளே என்று குறித்திருக்கும், மாற்றிச் செருகினால் ஒன்றுமே வராது. சுவருக்குள் புதைப்பதற்கு முன்பே வெளியே வைத்து ஒரு முழுப் படம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி 4: படம் ஓடுகிறது, ஆனால் 4கே இல்லை அல்லது எச்டிஆர் இல்லை

பிழைச் செய்தி எதுவும் வராமல் தரம் மட்டும் குறைந்துவிடுவதால், பல மாதம் கவனிக்காமலே இருப்பவர்கள் உண்டு. டிவி ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தி, வருவது 2160ஆ (அதுதான் 4கே) 1080ஆ என்று பாருங்கள்.

முதலில் சந்தா. நீங்கள் கட்டும் திட்டத்தில் 4கே உண்டா? அடுத்து டிவியின் போர்ட் செட்டிங். பல டிவிகளில் முழு வேகத்தை ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியாக நாமே திறந்துவிட வேண்டும். சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘எச்டிஎம்ஐ டீப் கலர்’, சோனியில் ‘எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்’ என்ற பெயர்களில் இருக்கும். ரிசீவரிலும் இதே மாதிரி ஒரு செட்டிங் இருக்கலாம். டிவியில் திறந்து ரிசீவரில் மறந்தால் பயனில்லை. இதைத் திறந்த பிறகு திரை மினுங்க ஆரம்பித்தால் பயப்பட வேண்டாம். கேபிளின் பலவீனம் இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது.

ஆண்ட்ராய்டு பெட்டியில் 480பி-க்கு மேல் ஏறவே இல்லை என்றால், அதன் வைட்வைன் (ஆண்ட்ராய்டில் உள்ள நகல் தடுப்பு) சான்று நிலையைப் பாருங்கள். அதைக் காட்டும் இலவச ஆப்கள் இருக்கின்றன. எல்1 என்றால் சரி. எல்3 என்றால் பெரிய தளங்கள் எச்டி தரமாட்டா. கேபிள், டிவி, இணைய வேகம் எதை மாற்றினாலும் இது மாறாது. சான்றுள்ள வேறு பெட்டி வாங்குவது ஒன்றுதான் வழி.

## அறிகுறி 5: லேப்டாப் அல்லது போனிலிருந்து டிவிக்குப் போட்டால் மட்டும் தகராறு

லேப்டாப்பில் இரண்டாவது மானிட்டர் செருகியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். அது எச்டிசிபி இல்லாத பழைய மானிட்டராக இருந்தால் டிவியில் ஓடும் படத்தையும் சேர்த்துக் கெடுக்கும். நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்கு, இணைத்திருக்கும் எல்லாத் திரையும் எச்டிசிபி 2.2 ஆக இருக்க வேண்டும். அப்புறம் பிரவுசர். விண்டோஸில் அதே படம் ஒரு பிரவுசரில் 4கே, இன்னொன்றில் அதைவிடக் குறைவு என்று வரும். எட்ஜ் பிரவுசரிலோ அந்தத் தளத்தின் சொந்த ஆப்பிலோ போட்டுப் பாருங்கள். திரையைப் பதிவு செய்யும் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால் மூடிவிடுங்கள்.

விஜிஏ மாற்றி வழியாகப் பழைய புரொஜெக்டருக்குப் போட்டால் பூட்டிய படம் வராது, வரவைக்க முயல வேண்டாம். டிவிஐ போர்ட் உள்ள மானிட்டரில் எச்டிசிபி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். போனில் யூஎஸ்பி-சி வாய் இருப்பதாலேயே வீடியோ வெளியே வரும் என்றும் எண்ண வேண்டாம். பல போன்களில் அந்த வசதியே கிடையாது. ஐபோன் மாற்றிகளில் மலிவான சில, முகப்புத் திரையைக் காட்டும், படத்தைப் போட்டதும் கறுத்துவிடும். அதற்கும் எச்டிசிபி இல்லாததே காரணம்.

கம்ப்யூட்டரில் 4கே டிஸ்க் ஓட்ட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதற்கான நகல் பூட்டு இன்டெல் எஸ்ஜிஎக்ஸ் என்ற வசதியை நம்பி இருந்தது. 11-ஆம் தலைமுறை கோர் பிராசஸர்களிலிருந்து இன்டெல் அதை எடுத்துவிட்டது. புதிய கம்ப்யூட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்துச் செலவு செய்யாதீர்கள். தனியாக ஒரு டிஸ்க் பிளேயர் வாங்குவதே அமைதியான வழி.

## அறிகுறி 6: பழைய டிவியில் காம்பொனென்ட் வயரில் புளூரே வரவில்லை

மூன்று வண்ண காம்பொனென்ட் வயரில் எச்டி படம் போவதைக் கட்டம் கட்டமாக நிறுத்திவிட்டார்கள். 2010 இறுதிக்குப் பின் தயாரான புளூரே பிளேயர்கள் பூட்டிய டிஸ்க்கை அதில் சாதாரணத் தரத்தில்தான் அனுப்பலாம். 2013 இறுதிக்குப் பின் தயாரானவற்றில் அதுவும் இல்லை. பிளேயரின் தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். கோளாறு எதுவும் இல்லை, பிரிக்க வேண்டாம்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

இடி மின்னலுக்கோ மின் ஏற்றத்தாழ்வுக்கோ பிறகு ஒரு போர்ட் மட்டும் செத்துப்போய், மற்றவை நன்றாக இருந்தால் அது உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு வேலை. போர்ட்டில் செருகிய கேபிள் ஆடுகிறது, விரலால் அழுத்திப் பிடித்தால்தான் படம் வருகிறது என்றாலும் அப்படித்தான். அழுத்தி அழுத்தி ஓட்டினால் உள்ளே பற்றவைப்பு முழுதாகப் பிய்ந்துவிடும். வாரண்டி இருக்கும் கருவியை நீங்கள் திறக்க வேண்டாம். சுவருக்குள் ஓடும் நீளக் கேபிள் கெட்டிருந்தாலும், நன்றாக வேலை செய்வது தெரிந்த இன்னொரு கேபிளைத் தரையில் விரித்து ஓட்டிப் பார்த்து உறுதியான பிறகே ஆளைக் கூப்பிடுங்கள்.

நேராகச் செருகியபோது, எல்லாப் போர்ட்டிலும், 1080பி-யிலும்கூட ஓடவில்லை, அதே பெட்டி இன்னொரு வீட்டு டிவியில் ஓடுகிறது என்றால் டிவிக்கான சர்வீஸைக் கூப்பிடலாம். அங்கேயும் ஓடவில்லை என்றால் பெட்டியைக் கொண்டுபோங்கள்.

கூப்பிடும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எல்லாக் கருவிகளின் மாடல் எண், சாஃப்ட்வேர் பதிப்பு, எந்தப் போர்ட்டில் என்ன நடந்தது, சொந்த வீடியோ ஓடியதா, பிழைச் செய்தியின் போட்டோ. கையில் இது இருந்தால் வருபவர் கேபிளிலிருந்து ஆரம்பிக்க மாட்டார், போர்டை மாற்றச் சொல்லும் முன் உங்களுக்குக் காரணமும் சொல்லியாக வேண்டியிருக்கும்.